ஆழம் அலுத்த பிறகு

ஸ்கூபா டைவிங் கற்றுத்தரும் அமைப்புகளில் மிகப் பெரியது, 1966இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘பாடி’. இதுவரை மூன்று கோடிச் சொச்சம் சான்றிதழ்கள் வழங்கியிருப்பதாக அந்த அமைப்பு சொல்கிறது. இந்த எண்ணிக்கை வழங்கப்பட்ட அட்டைகளின் கணக்கு. தொடர்ந்து கடலில் இறங்குகிறவர்களின் கணக்கு வேறு. அடிப்படை, மேல்நிலை, மீட்பு என்று மூன்று பயிற்சி முடித்த ஒருவர் மூன்று அட்டை வைத்திருப்பார். அட்டைக்குக் காலாவதியும் கிடையாது. விடுமுறைக்கு அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ தாய்லாந்துக்கோ போன இடத்தில் மூன்று நான்கு நாள் பயின்று, திறந்த கடலில் நான்கு முறை இறங்கித் தேறி, ஊர் திரும்பியதும் மாஸ்க்கைப் பரணில் போட்டவர்களும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

அப்படி நின்றுவிடுகிறவர்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. செலவு அதிகம், குழந்தை பிறந்துவிட்டது, காது ஒத்துழைக்கவில்லை, கூட வந்த நண்பர் ஊர் மாறிவிட்டார், ஒருமுறை பயந்துபோனது மனதை விட்டு அகலவில்லை: காரணங்கள் எல்லாமே நமக்குத் தெரிந்தவை. விளக்கம் தேவைப்படுவது மறுபக்கத்துக்குத்தான். முப்பது நாற்பது ஆண்டுகளாக, அதே கனத்த சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பல நேரம் அதே இடத்தில், மறுபடி மறுபடி இறங்குகிறவர்கள் எதற்காக இறங்குகிறார்கள்?

அழகு என்பது வழக்கமான பதில். சாகசம் என்பது இன்னொன்று. இரண்டும் ஒருவரைக் கடலுக்குள் கொண்டுவரும். அங்கேயே தங்கவைக்க இரண்டாலும் முடிவதில்லை. நீண்ட காலம் டைவிங் செய்தவர்களின் வரலாறுகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்று பொதுவாகத் தெரிகிறது. ஏதோ ஒரு கட்டத்தில் அவர்களுக்குக் கடலைப் பற்றி ஒரு கேள்வி பிறந்திருக்கிறது. கரையில் உட்கார்ந்து விடை காண முடியாத கேள்வி. ஒரே டைவில் தீராத கேள்வி. அதன் பிறகு அவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போக வேறு யாரும் தேவைப்படுவதில்லை.

உடல் பழகும் காலம்

முதல் பத்துப் பதினைந்து டைவ்களில் கடலைப் பார்க்க யாருக்கும் ஒழிவதில்லை. காது அடைக்கிறது, மூக்கைப் பிடித்து ஊதிச் சமன்செய்ய வேண்டும். மாஸ்க்குக்குள் நீர் கசிகிறது. காற்றழுத்தமானியின் முள் நினைத்ததைவிட வேகமாக இறங்குகிறது.

முள் ஏன் அப்படி இறங்குகிறது என்பது எளிய கணக்கு. வழக்கமான 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று, வெளியே விட்டால் 2,400 லிட்டர். அதில் 50 பார் மிச்சம் வைத்து மேலேற வேண்டும் என்பது விதி. ஆக, செலவழிக்கக் கிடைப்பது 1,800 லிட்டர். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல மூன்று மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சிழுக்கிற பதற்றக்காரர் அங்கே 60 லிட்டர் இழுப்பார். அரை மணி நேரத்தில் காற்று தீர்ந்துவிடும். மேலே 12 லிட்டரோடு நிறைவடைகிற நிதானக்காரருக்கு அதே சிலிண்டர், அதே ஆழத்தில் 50 நிமிடம் வரும். இந்த 20 நிமிட வித்தியாசம் பெரும்பாலும் மனம் அமைதியடைவதால் கிடைப்பது.

மிதப்புக் கட்டுப்பாடும் அப்படித்தான். நுரையீரலில் கூடுதலாக ஒரு லிட்டர் காற்று நிறைந்தால், நீரில் ஏறக்குறைய ஒரு கிலோ அளவுக்கு மேல்நோக்கிய விசை கிடைக்கும். ஆனால் அது உடனே தெரியாது. மூச்சை இழுத்து ஓரிரு நொடி கழித்தே உடல் உயரும். புதியவர் உயரவில்லையே என்று இன்னும் இழுப்பார், பிறகு பலூன்போல மேலே போவார். பழகியவர் எதிரே பவளம் வருவதைக் கண்டதும் முன்கூட்டியே ஒரு மூச்சு இழுத்துவிடுவார். கை அசையாது, கால் உதைக்காது; உடல் தானாக எழும்பி அதைக் கடந்து மறுபுறம் இறங்கும். இந்த நிலை கைகூடும் மாதங்களில் டைவிங்கைப்போல் இன்பம் வேறில்லை.

உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் 1975இல் வெளியிட்ட நூலில் பாறையேறிகள், சதுரங்க ஆட்டக்காரர்கள், நடனக்காரர்கள், அறுவை மருத்துவர்கள் போன்றோரை ஆராய்ந்து சொன்னது இங்கே பொருந்துகிறது. திறமையும் சவாலும் சமமாக இருக்கும்போதுதான் மனிதர் தன்னை மறந்து ஒன்றில் ஆழ்கிறார். சவால் மிஞ்சினால் பதற்றம், திறமை மிஞ்சினால் சலிப்பு. டைவிங்கில் சில டஜன் முறை இறங்கியபின் திறமை மிஞ்சத் தொடங்குகிறது. கருவிகள் மறந்துபோகின்றன, உடல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. அடுத்து என்ன என்ற கேள்வி அப்போது எழுகிறது.

ஏணியின் கடைசிப் படி

பெரும்பாலோர் முதலில் தேடிப்போகும் விடை ஆழம். பயிற்சி அமைப்புகளும் அப்படித்தான் படிகளை வைத்திருக்கின்றன: அடிப்படை அட்டைக்கு 18 மீட்டர், அடுத்ததற்கு 30, பொழுதுபோக்கு டைவிங்கின் உச்சவரம்பு 40. ஏறிக்கொண்டே போகலாம் என்ற எண்ணத்தை இந்த எண்கள் தருகின்றன. இயற்பியல் அப்படி விடுவதில்லை.

ஆழம் கூடக் கூட நைட்ரஜன் உடல் திசுக்களில் வேகமாகக் கரைகிறது. இடையில் நின்று நின்று மேலேற வேண்டிய கட்டாயம் வராமல் தங்கக்கூடிய நேரம், ‘பாடி’யின் அட்டவணைப்படி 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம், 40 மீட்டரில் வெறும் 9 நிமிடம். 30 மீட்டருக்குக் கீழே நைட்ரஜன் மயக்கமும் சேர்ந்துகொள்கிறது; புத்தி மந்தமாகும், சிலருக்குக் காரணமில்லாத குதூகலம் வரும். ஒளியில் சிவப்பு முதல் சில மீட்டர்களிலேயே வடிந்துவிடுவதால் அங்கே எல்லாம் நீலச்சாம்பல். இன்னும் ஆழமாகப் போக ஹீலியம் கலந்த வாயுவும், வெளிவிட்ட மூச்சைச் சுத்திகரித்துத் திருப்பித் தரும் ரீபிரீதரும் உண்டு. ஆனால் அந்தச் சிறு கூட்டத்திலும் நிலைத்திருப்பவர்கள் எண்ணுக்காகப் போகிறவர்கள் அல்லர். மூழ்கிய கப்பலையோ வரைபடமில்லாத குகையையோ தேடிப் போகிறவர்கள். ஆழம் அவர்களுக்கு அங்கே போய்ச்சேரும் வழி மட்டுமே.

ஆழத்துக்கு அடுத்த விடை பட்டியல். செங்கடலில் 1941இல் மூழ்கிய திசில்கார்ம் கப்பல், 1944 பிப்ரவரித் தாக்குதலில் ஜப்பானியக் கப்பல்கள் புதைந்த பசிபிக்கின் சூக் உப்பங்கழி, மாலத்தீவின் மாண்டா திருக்கைகள், கலாபகஸின் சுத்தியல்தலைச் சுறாக்கள். இவற்றைப் பார்க்க ஆசைப்படுவதில் ஒரு குறையுமில்லை. பட்டியலின் இயல்புதான் சிக்கல்: ஒவ்வொன்றும் முந்தையதைச் சிறிதாக்கிவிடுகிறது. திமிங்கிலச் சுறாவைக் கண்ட கண்ணுக்கு உள்ளூர்ப் பவளத்திட்டில் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். பணமும் விடுப்பும் தீரும்போது ஆர்வமும் தீர்ந்துவிடுகிறது.

இதே வளர்ச்சிப் பாதையை வேறொரு கூட்டத்தில் கவனித்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஹாப்சன் பிரையன். டிரவுட் மீன் பிடிக்கிற தூண்டில்காரர்களைப் பற்றி 1977இல் அவர் எழுதிய கட்டுரை, ஓய்வுநேர ஆர்வங்களை ஆராய்கிறவர்கள் இன்றும் திரும்பிப் பார்க்கிற ஒன்று. தொடக்கக்காரருக்கு ஏதாவது மீன் கிடைத்தால் போதும். அடுத்தவருக்கு நிறைய மீன், பெரிய மீன். அதற்கும் அடுத்தவருக்குத் தூண்டில் போடும் முறையே முக்கியம். கடைசி நிலையில் இருப்பவர் குறிப்பிட்ட ஓடையையும் அதன் நீரையும் அங்கு வாழும் மீனினத்தையும் பற்றியே பேசுவார். பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுவார்.

டைவிங்கின் சொந்த வரலாறே இந்த வரிசையில்தான் நகர்ந்திருக்கிறது. ஜாக் கூஸ்தோவும் எமீல் காக்னானும் 1943இல் அக்வாலங் கருவியை உருவாக்கியபோது, நீருக்கடியில் இறங்குவதென்றால் பெரும்பாலும் ஈட்டியும் கையுமாக இறங்குவதுதான். ஆஸ்திரியாவின் ஹான்ஸ் ஹாஸும் ஈட்டியில் தொடங்கிக் கேமராவுக்கு வந்தவர். ஆஸ்திரேலியாவின் ரான் டெய்லர் 1965இல் உலக ஈட்டிமீன்பிடிப் போட்டியில் வென்றவர். அவர் மனைவி வேலரியும் அந்தப் போட்டிகளில் பேர்பெற்றவர். இருவரும் ஈட்டியைக் கைவிட்டுச் சுறாக்களைப் படமெடுத்தார்கள், பிறகு அவற்றைக் காக்கப் போராடினார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1984இல் கிரே நர்ஸ் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்ததில் அவர்கள் குரலுக்கும் பங்குண்டு. வேலரி எண்பது வயதைக் கடந்தும் கடலில் இறங்கினார். ஈட்டியோடு நின்றிருந்தால் அத்தனை ஆண்டு தாங்கியிருக்குமா என்பது சந்தேகமே.

கலங்கல் நீரில் பதினேழு ஆண்டுகள்

அழகுதான் காரணம் என்று சொல்கிறவர்களுக்குச் சரியான மறுப்பு இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கிறது. அங்கே கடல் குளிரும், கலங்கும், நீரோட்டம் இழுக்கும். நீட்டிய கை தெரியாத நாட்களும் உண்டு. நீர் உடல்வெப்பத்தைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கடத்துவதால் குளிர் எலும்புவரை போகும். இருந்தும், 1953இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் உலகின் மிக நீடித்த டைவிங் அமைப்புகளில் ஒன்று.

அந்தக் கிளப்பின் சவுத்ஸீ கிளை உறுப்பினர்களோடு, அலெக்சாண்டர் மெக்கீ என்ற எழுத்தாளர் 1965இல் ஒரு தேடலைத் தொடங்கினார். எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் ‘மேரி ரோஸ்’ 1545 ஜூலை 19 அன்று, மன்னர் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, சோலண்ட் நீரிணையில் மூழ்கியது. 1836இல் டீன் சகோதரர்கள் அந்த இடத்தைக் கண்டு, சில பீரங்கிகளை மேலே கொண்டுவந்தார்கள். பிறகு இடம் மறந்துபோனது. மெக்கீயின் ஆட்களுக்கு வாரநாட்களில் வேறு வேலை இருந்தது. சனி ஞாயிறுகளில் படகேறினார்கள். வேடிக்கையாக அவர்களைக் கொள்ளைக்கூட்டம் என்று அழைத்தார்கள். ஆழம் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். கீழே பார்க்க என்ன இருந்தது? சேறு. சமதளமான, ஒன்றும் வளராத சேறு. 1967இல் சோனார் கருவி, சேற்றுக்கடியில் ஏதோ புதைந்திருப்பதாகக் காட்டியது. 1970இல் ஓர் இரும்புப் பீரங்கி கிடைத்தது. கப்பலின் விலா மரங்களைக் கண்ணால் கண்டது 1971 மே மாதம்; கண்டவர் பெர்சி ஆக்லண்ட் என்ற டைவர்.

அந்த ஆறு ஆண்டுகளில் அவர்களை அங்கே கட்டிப்போட்டது எது? மீன் கூட்டமில்லை, வண்ணமில்லை, ஆழமில்லை. ‘இங்கேதான் இருக்கிறதா?’ என்ற கேள்வி இருந்தது. ஒவ்வொரு டைவும் அந்தக் கேள்வியை ஒரு சதுர மீட்டர் குறுக்கியது. மார்கரெட் ரூல் என்ற தொல்லியலாளரின் கதை இன்னும் தெளிவானது. நிலத்து அகழாய்வில் பெயர் பெற்றவர். தன்னுடைய அகழாய்வுக் களத்தைத் தானே பார்க்க வேண்டும் என்பதற்காக நாற்பது வயதைத் தாண்டி டைவிங் கற்றுக்கொண்டார். அவருக்குக் கடல் பிறகு வந்தது, கேள்வி முன்பே இருந்தது.

1979 முதல் 1982 வரை நடந்த பெரிய அகழாய்வில் ஏறத்தாழ 500 தன்னார்வ டைவர்கள் பங்கேற்றார்கள். மொத்தம் 28,000 டைவ்களுக்கு அருகில். ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட குழி சில சதுர மீட்டர். நீரோட்டம் தணியும் இடைவெளியில் இறங்கி, உறிஞ்சுகுழாயை ஒரு கையில் பிடித்து, மறுகையால் சேற்றை விசிறி விசிறி அகற்ற வேண்டும். முன்னால் நீர் மங்கும், தெளியும், மறுபடி மங்கும். அந்தச் சேற்றிலிருந்து நெடுவில்கள், ஆயிரக்கணக்கான அம்புகள், கப்பல் மருத்துவரின் பெட்டி, பேன் சீப்புகள் என 19,000க்கு மேற்பட்ட பொருட்கள் வந்தன. 1982 அக்டோபர் 11 அன்று கப்பலின் எஞ்சிய பாதியைத் தூக்கி எடுத்தார்கள்.

இதே 1982இல், கல்கரி பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ராபர்ட் ஸ்டெபின்ஸ் ‘தீவிர ஓய்வு’ என்ற கருத்தை முன்வைத்தார். சம்பளம் இல்லாமலே சிலர் ஓர் ஈடுபாட்டை வாழ்க்கைத்தொழில் அளவுக்கு வளர்க்கிறார்கள். விடாமுயற்சி, உழைத்துச் சேர்த்த அறிவு, தங்களுக்கென ஒரு கூட்டம், நான் இன்னார் என்ற அடையாளம் ஆகியவை அதோடு வளர்கின்றன என்றார். இடையிடையே சலிப்பும் துன்பமும் இருப்பது அந்த ஈடுபாட்டின் குறை அன்று, அதன் இலக்கணம். சோலண்ட் சேற்றில் விறைத்த விரல்களோடு வேலை செய்தவர்களை இதைவிடப் பொருத்தமாக விளக்க முடியாது.

பெரிதிலிருந்து சிறிதுக்கு

கேள்வி தேட எல்லோருக்கும் ஒரு போர்க்கப்பல் வாய்க்காது. பெரும்பாலான நீண்டகால டைவர்களுக்கு அந்தக் கேள்வி உயிரினங்களிலிருந்து பிறக்கிறது, அதுவும் சிறியவற்றிலிருந்து.

1980களில் பாப்புவா நியூ கினியின் மில்ன் விரிகுடாவில் படகு நடத்திவந்த பாப் ஹால்ஸ்டெட், பவளமே இல்லாத கறுப்பு மணலிலும் குப்பையிலும் டைவர்களை இறக்கத் தொடங்கினார். ‘மக் டைவிங்’ என்று இன்று உலகமெங்கும் வழங்கும் முறை அது. சுலவேசியின் லெம்பே நீரிணை இதன் தலைநகரம். எரிமலைச் சாம்பல் படிந்த சரிவில் ஒரு மணி நேரத்தில் ஐம்பது மீட்டர் தூரம் நகர்ந்தால் அதிகம். கடல்விசிறியில் வாழும் குள்ளக் கடற்குதிரையைத் தேடுவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விசிறியின் கிளையெங்கும் இளஞ்சிவப்புப் புடைப்புகள். அவற்றில் ஒரு புடைப்புக்கு மட்டும் கண் இருக்கும். முழு உடலும் இரண்டரை சென்டிமீட்டரை எட்டாது. பார்த்துவிட்டு ஒரு நொடி திரும்பினால் மறுபடி தொலைந்துபோகும்.

இந்த உயிரினம் அறிவியலுக்குத் தெரியவந்ததே தற்செயல். 1969இல் நியூ கலிடோனியாவின் நூமியா மீன்காட்சியகத்துக்காகக் கடல்விசிறி சேகரித்த ஜார்ஜ் பார்ஜிபான், அதை ஆராயும்போதுதான் அதில் ஒட்டியிருந்த கடற்குதிரையைக் கவனித்தார். அடுத்த ஆண்டு அவர் பெயராலேயே அந்த இனம் பதிவானது. அதன் பிறகு வந்த குள்ளக் கடற்குதிரைகளின் பெயர்களைப் பார்த்தால் டைவர்களின் வருகைப்பதிவேடுபோல இருக்கும். 2003இல் ‘டெனிசே’, ஒரு நீரடிப் புகைப்படக்காரரின் பெயர். 2008இல் ‘பொண்டோஹி’, ஓர் இந்தோனேசிய டைவ் வழிகாட்டியின் பெயர். அதே ஆண்டில் ‘சதோமியே’, இன்னொரு வழிகாட்டியின் பெயர். 2020இல் தென்னாப்பிரிக்காவின் சோட்வானா விரிகுடாவிலிருந்து ‘நாலு’; அதை முதலில் கவனித்து அறிவியலாளர்களிடம் சேர்த்த டைவிங் பயிற்றுநரின் நடுப்பெயர். ஒரே இடத்தில் தினமும் இறங்கிய கண்கள் இவை.

ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவுக்கு அருகே 1995 வாக்கில் உள்ளூர் டைவர்கள் மணலில் விசித்திர வட்டங்களைக் கண்டார்கள். ஏறத்தாழ இரண்டு மீட்டர் விட்டம், ஆரம் ஆரமாக மேடும் பள்ளமும், கோலமிட்டதுபோன்ற ஒழுங்கு. யார் வரைந்தது? ஆண்டுக்கணக்கில் பதில் கிடைக்கவில்லை. நீரடிப் புகைப்படக்காரர் யோஜி ஓகாதாவும் உடனிருந்த ஆய்வாளர்களும் கடைசியில் குற்றவாளியைக் கையும்களவுமாகப் பிடித்தார்கள்: பன்னிரண்டு சென்டிமீட்டர் அளவேயுள்ள ஆண் பேத்தை மீன். பெண்ணை ஈர்க்க ஏழு முதல் ஒன்பது நாள், துடுப்பால் மணலைச் சீவிச் சீவி அது இந்த வட்டத்தை அமைக்கிறது. வரப்புகள் நீரோட்டத்தை வழிப்படுத்தி நுண்மணலை நடுவில் சேர்க்கின்றன. முட்டை அங்கே இடப்படுகிறது. அடுத்த முறைக்குப் புதிதாக வேறொரு வட்டம். 2013இல் ஆய்வுக்கட்டுரை வந்தது, அடுத்து அது புதிய இனம் என்பதும் உறுதியானது.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு உலகில் மிக அதிகமாக ஆராயப்பட்ட கடற்பகுதிகளில் ஒன்று. அங்கே நூற்றுக்கு மேற்பட்ட பவள இனங்கள், ஆண்டில் ஒருசில இரவுகளில், முழுநிலவுக்குப் பின் ஒன்றாகக் கருவணுக்களை வெளியிடுகின்றன என்பது 1980களின் தொடக்கம்வரை தெரியாது. ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் இளம் ஆய்வாளர்கள் சிலர் இரவில் இறங்கிக் காத்திருந்து கண்டார்கள். பகலில் ஆயிரம் முறை போனவர்களுக்கும் அது கிடைக்கவில்லை. சரியான இரவில் போக வேண்டியிருந்தது.

பலகையும் பென்சிலும்

சிறியதைப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு அடுத்து ஒரு பயன் தேவைப்படுகிறது. 1990இல் ஃபுளோரிடாவில் தொடங்கப்பட்ட ‘ரீஃப்’ அமைப்பு 1993 முதல் சாதாரண டைவர்களைக் கொண்டு மீன் கணக்கெடுக்கிறது. முறை எளிது. நீரில் எழுதக்கூடிய பலகையோடு திட்டைச் சுற்றி வர வேண்டும். அடையாளம் தெரிந்த மீனின் பெயருக்கு எதிரே நான்கில் ஒரு குறி: ஒன்று, இரண்டு முதல் பத்துக்குள், பதினொன்று முதல் நூறுக்குள், நூறுக்கு மேல். அடையாளம் தெரியாததை எழுதக் கூடாது. பங்கேற்பவர்களுக்கு ஐந்து நிலைகள். தேர்வெழுதி மேலேற வேண்டும். இதுவரை இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட கணக்கெடுப்புகள் சேர்ந்திருக்கின்றன. 40 மீட்டரில் முடிந்துபோன ஏணிக்குப் பதிலாக இங்கே வேறோர் ஏணி இருக்கிறது. அதற்குக் கடைசிப் படி எளிதில் வருவதில்லை.

சாதாரணமாகக் கடந்து போயிருக்கும் மீன்கூட, அதன் பெயருக்கு எதிரே குறி போட வேண்டும் என்றதும் வேறாகத் தெரிகிறது. நேற்று இரண்டு இருந்ததே, இன்று ஏன் ஒன்று? திமிங்கிலச் சுறாவும் பட்டியலில் டிக் அடிக்கிற பொருளாக இருந்து தனி ஆளாக மாறியது இப்படித்தான். அதன் செவுளுக்குப் பின்னே உள்ள புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு. விண்மீன் படங்களை ஒப்பிட வானியலாளர்கள் எழுதிய கணிமுறையை 2005இல் இந்தப் புள்ளிகளுக்குப் பொருத்தினார்கள். சுற்றுலா டைவர் எடுத்த படமும் இப்போது ஒரு குறிப்பிட்ட சுறாவின் பயணக்குறிப்பாகிறது.

கரீபியக் கடலில் வரலாறு ஒரு சுற்றுச் சுற்றி ஈட்டியையே திருப்பிக் கொடுத்துவிட்டது. இந்திய, பசிபிக் பெருங்கடல்களுக்குரிய சிங்கமீன் 1985இல் ஃபுளோரிடாவில் முதன்முதலாகப் பதிவானது. பின்னர் கரீபியன் முழுக்கப் பெருகி உள்ளூர் மீன்குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது. போனேர் போன்ற தீவுகளில் பயிற்சி பெற்ற டைவர்கள் அனுமதியோடு அதை வேட்டையாடுகிறார்கள்.

துணையும் உடலும்

கேள்வி தனியாளுக்குப் பிறந்தாலும் டைவிங்கில் பொதுவாக யாரும் தனியாக இறங்குவதில்லை. துணைவர் முறை பாதுகாப்புக்காக வந்தது. நட்பு அதன் உபவிளைவு. முக்கால் மணி நேரம் பேச்சில்லாமல், விரல் சைகையும் டார்ச் வெளிச்சமுமாக ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டே போகிறவர்களுக்கு, மேலே வந்ததும் பேச நிறைய இருக்கிறது. மீன் புத்தகத்தைப் பிரித்து வாலில் இருந்தது புள்ளியா கோடா என்று வாதாடுவதில் பாதி டைவ் அடங்கியிருக்கிறது. துணை நின்றால் டைவிங்கும் நிற்கிறது என்பதைக் கிளப்புகள் நன்றாக அறிந்திருக்கின்றன.

வயதும் இங்கே எதிர்பார்த்தபடி குறுக்கே நிற்பதில்லை. எடை நீரில் தொலைந்துபோகிறது. நிதானம் காற்றை மிச்சப்படுத்துகிறது. மீனியலாளர் யூஜினி கிளார்க் 2014இல், 92 வயதில், ஆய்வுக்காக இறங்கினார். இரண்டாம் உலகப்போர் வீரரான பிரிட்டனின் ரே வூலி, 2019இல் தன் 96ஆம் வயதில் சைப்ரஸின் செனோபியா கப்பல்வரை இறங்கி, மிக வயதான ஸ்கூபா டைவர் என்ற தன் சாதனையைத் தானே மீண்டும் முறியடித்தார். எடையின்மையைத் தேடியே கடலுக்கு வந்தவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்; விண்வெளி அனுபவத்துக்கு மிக நெருங்கியது அது என்று நினைத்தார். 1956இல் இலங்கையில் குடியேறிய அவரும் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையில், போர்த்துக்கீசியர் 1622இல் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்கற்களையும் சுவாமிப் பாறைக்குக் கீழே கடலடியில் கண்டார்கள். விண்வெளிக்காக வந்தவருக்கு அதன்பின் தொல்லியலும் சேர்ந்துகொண்டது. 1961இல் கிரேட் பாசஸ் பாறையருகே வெள்ளிக் காசுப் புதையல் கிடைத்த கப்பலைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1962இல் போலியோ தாக்கிய பிறகும் அவர் டைவிங்கை விடவில்லை.

இழப்பின் சாட்சி

நீடிப்பதற்கு ஒரு விலை உண்டு. ஒரே திட்டை முப்பது ஆண்டு பார்த்தவர், அது அழிவதையும் பார்க்கிறார். 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் உலகெங்கும் வெளிறின. நான்காவது உலகளாவிய வெளிறல் 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவின் வெளிறல்களைத் தூத்துக்குடி ஆய்வாளர்கள் ஸ்கூபா அணிந்து இறங்கித்தான் பதிவு செய்தார்கள். மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் சுட்டிக்காட்டியதுபோல, ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த கடலையே இயல்பான கடல் என்று எடுத்துக்கொள்கிறது. இன்று முதல்முறை இறங்குகிறவருக்குக் குறை ஒன்றும் தெரியாது. பழையவருக்குத் தெரியும், அவருடைய டைவ் குறிப்பேடு, தேதியும் வெப்பநிலையும் மீன் பெயர்களுமாக, ஓர் ஆவணமாகிவிடுகிறது.

டைவர்களே சேதம் செய்கிறவர்கள் என்பதையும் மறைக்க முடியாது. கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் பார்க்கரும் ராபர்ட்ஸும் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், கவனிக்கப்பட்ட டைவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது திட்டைத் தொட்டிருந்தார்கள். கேமரா வைத்திருந்தவர்கள் கூடுதலாகத் தொட்டார்கள். இறங்குவதற்கு முன் சொன்ன சுருக்கமான அறிவுரையால் பலன் இல்லை. நீருக்குள் வழிகாட்டி குறுக்கிட்டுத் தடுத்தபோது தொடுவது வெகுவாகக் குறைந்தது. கடற்குதிரையை நெருங்கிப் படமெடுக்கும் ஆர்வம் கடல்விசிறியை ஒடிக்கவும் கூடும். ஆர்வம் நீடிப்பதாலேயே அது நல்ல ஆர்வம் ஆகிவிடாது. அது படத்துக்கான ஆர்வமா, விலங்கைப் பற்றிய ஆர்வமா என்பதைப் பொறுத்தது.

டைவிங் பள்ளிகள் புதியவர்களைத் தக்கவைக்க அடுத்த பயிற்சியையும் அடுத்த அட்டையையும் விற்கின்றன. மேலே பார்த்த வரலாறுகள் சொல்வது வேறு. நான்காவது டைவ் முடிந்தவரிடம் இன்னும் பத்து மீட்டர் ஆழத்தைத் தருவதைவிட, ஒரு பலகையும் பென்சிலும் கொடுத்து, இந்தத் திட்டில் உள்ள ஐந்து மீன்களின் பெயரைக் கற்றுக்கொண்டு அடுத்த மாதம் அவை எத்தனை இருக்கின்றன என்று பார்க்கச் சொல்வது அவரை நெடுநாள் தக்கவைக்கும். உள்ளூர்க் கடலில், குறைந்த செலவில், கலங்கிய நாளிலும் செய்யக்கூடிய வேலை அது. ஒருவர் நிலைப்பாரா என்று அறியப் படகேறி வந்ததும் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பயனில்லை. அதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கும். அடுத்த முறை எதைச் சரிபார்க்கப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் வைத்திருப்பவர் திரும்பி வருவார்.